பாகப்பத்திரத்தில் ஏறாத சொத்து

(பாளையங்கோட்டையில் டிசம்பர் மாத வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



மாவு வறுக்கவும் ஒட்டடை அடிக்கவும் வேலை குவிந்து கிடக்கிற ஒரு டிசம்பர் சாயங்காலத்தில் இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றி. நீங்கள் இங்கே இருக்கும்போது வீட்டில் அந்த வேலையை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் ஏறக்குறைய இன்று நான் பேசப்போகிற விஷயம்.

பழைய பத்திரங்களை வாசிப்பதில் எனக்கு ஆசை உண்டு. பாகப்பத்திரம் என்றால் இன்னும் விருப்பம். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே வண்டிப்பாதை என்று நான்கெல்லை சொல்லி, கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, முறைவைத்துத் தண்ணீர் இறைக்கும் உரிமை, வரப்பில் நிற்கும் பனை, அடுத்தவர் முற்றம் வழியாக நடந்துபோகும் பாத்தியம் வரை ஒன்றையும் விடாமல் எழுதியிருப்பார்கள். நடக்கிற உரிமையைக்கூட எழுதிவைத்த அந்தக் கெட்டிக்காரர்கள், பரண்மேல் பிஸ்கட் டின்னுக்குள் துணி சுற்றிக் கிடக்கும் முறுக்கு அச்சைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. ஆனால் தாயார் இறந்த பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸில் மகள்களுக்குள் எழுகிற முதல் பேச்சு அந்த அச்சைப் பற்றித்தான். யாரிடம் இருக்கிறது? யார் கேட்டு வாங்கிப்போனது? வாங்கிப்போனவள் ஏன் இன்னும் திருப்பித் தரவில்லை?

நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகளை வைத்தே பேசப்போகிறேன். எனக்குப் பழக்கமான வீடுகள் அவை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நிலம் ஆண்கள் வழியாகப் போயிற்று, டிசம்பர் மாதம் பெண்கள் வழியாகப் போயிற்று. இந்த இரண்டாவது சொத்துக்குப் பத்திரமும் கிடையாது, வில்லங்கச் சான்றும் கிடையாது. அதனாலேயே அதன் கணக்கை யாரும் கேட்டதில்லை.

முதலில் சட்டம். சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஆனால் தாண்டிப் போக முடியாது. ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் உள்ள அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் நம் மாநிலத்தோடு சேர்ந்தன. அதுவரை அவை திருவிதாங்கூர் மண். அந்தத் திருவிதாங்கூரில் 1916-இல் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் போட்டார்கள். தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தாலோ அதற்கும் இடமில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரிக்கிற வழக்கம் கொண்ட சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. கேரளத்தில் மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடினார். 1986-இல் தீர்ப்பு வந்தது: 1951 ஏப்ரலிலிருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டந்தான் செல்லும், மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம்.

இதைக் கேட்டு நெல்லைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். சென்னை மாகாணத்தில் கிறிஸ்தவப் பெண்ணுக்குச் சட்டத்தில் சமபங்கு முன்பே உண்டு. சட்டத்தில் இருந்ததை வீட்டில் விட்டுக்கொடுத்தார்கள். தங்கைமார் அண்ணன்மாருக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் இல்லாத குடும்பம் இந்த அரங்கில் எத்தனை இருக்கும்? "எனக்கு வேண்டியதக் கல்யாணத்துலயே செஞ்சிட்டாங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, புறப்படும்போது அம்மாவின் உருளியையும் அச்சையும் மட்டும் கேட்டு வாங்கிப்போன பெண்களை எனக்குத் தெரியும். அண்ணன்மார் தாராளமாகக் கொடுத்தார்கள். பழைய பித்தளைக்கு எடைபோட்டால் என்ன வந்துவிடப்போகிறது!

அந்தப் பித்தளைக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம்.

அச்சு முறுக்கு செய்யப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பச்சரிசியை ஊறவைத்து இடித்துச் சலித்த மாவு, கெட்டியான தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ஒரு கை எள். சேர்மானத்தை யாரும் எழுதிக்கொடுத்துவிடலாம். சிக்கல் அச்சில் இருக்கிறது. அச்சை எண்ணெய்க்குள் வைத்துச் சூடேற்றி, எண்ணெயை உதறி, மாவில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். "முழுசா முக்கிராத ளா, விளிம்பு வெளிய தெரியணும்" என்று ஆச்சி பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பாள். விளிம்பு மூழ்கினால் மாவு மேலேறி மூடிக்கொள்ளும்; அப்புறம் எவ்வளவு தட்டினாலும் முறுக்கு இறங்காது. அச்சில் சூடு போதாவிட்டால் மாவு பிடிக்காது. சூடு மிஞ்சினால் முக்கிய இடத்திலேயே வெந்து நழுவிவிடும். சரியான சூடு எது என்பதை வெப்பமானி வைத்துச் சொல்லலாம்தான். ஆச்சி, முக்கும்போது எழும் சத்தத்தை வைத்துச் சொன்னாள்.

இதைவிட முக்கியமானது அச்சைப் பழக்குவது. கடையில் வாங்கிய புது அச்சை அன்றைக்கே அடுப்பில் வைத்தால் ஒரு முறுக்கும் உருப்படியாக வராது. அரிசி கழுவிய தண்ணீரிலோ கஞ்சியிலோ ஒரு ராத்திரி ஊறவைத்து, துடைத்து, எண்ணெயில் நெடுநேரம் காயவிட வேண்டும். அப்படியும் முதல் சில முறுக்கு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். வருஷாவருஷம் எண்ணெய் குடித்துக் குடித்து அச்சு பதத்துக்கு வருகிறது. சோப்புப் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தால் பதம் போய்விடும். தங்கச் சங்கிலியைப் பெட்டியில் பூட்டிவைத்து ஐம்பது வருஷம் கழித்து எடுத்தாலும் தங்கம் தங்கந்தான். அச்சு அப்படியில்லை. பூட்டிவைத்த அச்சும் புது அச்சும் ஒன்று. ஆச்சியின் அச்சு என்று நாம் சொல்வது, ஆச்சி அதை விடாமல் எண்ணெயில் போட்டு எடுத்துக்கொண்டே இருந்தாள் என்பதற்கு இன்னொரு பெயர்.

இந்த அச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஸ்வீடனிலும் நார்வேயிலும் இதேபோல் கம்பியில் பூ வடிவம் கோத்து மாவில் முக்கிப் பொரிக்கிற பலகாரம் கிறிஸ்துமஸுக்கு உண்டு. இலங்கையில் அதன் பெயர் கொக்கிஸ். டச்சுக்காரர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் சிங்களவர் அதைச் சித்திரைப் புத்தாண்டுக்குத்தான் செய்கிறார்கள். கேரளத்தில் அச்சப்பம். தூத்துக்குடி 1658 முதல் 1825 வரை பெரும்பாலும் டச்சுக்காரர் கையில் இருந்த துறைமுகம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கப்பலில் வந்து இறங்கியிருந்தாலும் இங்கே வந்த பிறகு கோதுமையும் பசும்பாலும் போய்ப் பச்சரிசியும் தேங்காய்ப்பாலும் எள்ளும் அதில் ஏறின. மாற்றியது யார்? பெயர் இல்லை. அடுப்படியில் நின்ற யாரோ ஒருத்தி.

முந்திரிக்கொத்துக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. வறுத்த சிறுபயற்று மாவு, கருப்பட்டிப் பாகு, தேங்காய், எள், சுக்கு, ஏலம். உருண்டை பிடித்து, மூன்று மூன்றாகச் சேர்த்து அரிசிமாவில் முக்கிப் பொரிப்பது. தென்குமரியில் கல்யாணத்துக்கும் அதுதான், கிறிஸ்துமஸுக்கும் அதுதான். எல்லாச் சாமிக்கும் பொது. கேக் பிந்தி வந்த விருந்தாளி. தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் 1883-இல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகக் கிறிஸ்துமஸ் கேக் சுட்டுக்கொடுத்த கதை பிரசித்தம். நம் ஊர் வீடுகளில் அடுப்பு விறகடுப்பாக இருந்த வரைக்கும் கேக் என்பது பேக்கரியில் வாங்குகிற பொருள். அதனால்தானோ என்னவோ, கேக்கைச் சுற்றி எந்தக் குடும்பச் சண்டையும் வளரவில்லை.

அடுத்து லேஸ் பின்னலுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், அவர் மனைவி மார்த்தா மால்ட் இருவரும் 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். அங்கே லேஸ் பின்னவும் சொல்லிக்கொடுத்தார். கெட்டியான தலையணையின் மேல் மாதிரித் தாளை வைத்து ஊசிகள் குத்தி, நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை ஊசிகளுக்கு இடையே மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. ஒரு முழம் பின்ன நாள்கணக்கில் ஆகும். கண்ணைப் பிடுங்குகிற வேலை. அந்தப் பள்ளியில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. இன்று நம் வீட்டு மேசைவிரிப்பின் ஓரத்தில் இருக்கிற அந்த வெள்ளைப் பின்னல், ஒரு காலத்தில் ஒருத்தியின் விலை.

அதே ஊரில், அதே காலத்தில், இந்தப் பெண்கள் மார்பை மறைத்துக் குப்பாயம் போட்டதற்காகச் சந்தையில் துணி கிழிக்கப்பட்டதும் நடந்தது. தோள்சீலைக் கலகம் என்று பள்ளிப் பாடத்தில் நான்கு வரி வரும். 1859-இல் அரசு பிறப்பித்த உத்தரவோடு ஒருவாறு ஓய்ந்தது. சீமைத் துரைசானிகளின் கழுத்துக்கும் கைக்கும் லேஸ் பின்னிக்கொடுத்த கைகளுக்குத் தங்கள் தோளில் ஒரு துணி போட்டுக்கொள்ள அத்தனை வருஷம் ஆயிற்று. துணி எப்படிக் குடும்பச் சொத்தாகிறது என்று கேட்டால் எனக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா. 1844-இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போனார்; அம்மாவிடம் கற்ற லேஸ் வேலையைத் தேரிக்காட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டார். அவருக்கு மெரினாவில் சிலை இருக்கிறது, வேண்டியதுதான். ஒரே வீட்டில் ஓர் அறையில் மொழிகளின் குடும்பம் பின்னப்பட்டது, இன்னோர் அறையில் நூல். முதலாவதைப் பற்றிப் பட்டிமன்றம் நடக்கிறது. இரண்டாவது தாயிடமிருந்து மகளுக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து ஊருக்கும் போய், விற்றது போக மிஞ்சிய துண்டுகளாக நம் பெட்டிகளில் கிடக்கிறது. தலையணை உறையின் ஓரம், மேசைவிரிப்பு, ஞானஸ்நானச் சட்டை. அந்தச் சட்டையைச் சொல்ல வேண்டும். வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாரும் கிறிஸ்துமஸ் லீவில்தான் வந்து சேருவார்கள் என்பதால் ஞானஸ்நானத்தையும் அதோடு வைத்துக்கொள்கிற வீடுகள் நிறைய. குழந்தைக்குப் புதுச்சட்டை எத்தனை வந்தாலும் தண்ணீர் விடுகிற நேரத்துக்கு அந்தப் பழுப்பேறிய சட்டைதான் போட வேண்டும். அம்மா போட்டது, அம்மாவின் தம்பி போட்டது, அதற்கு முந்தியவர்களும் போட்டது. குழந்தை கொஞ்சம் கொழுகொழுவென்று இருந்துவிட்டால் பின்பக்கம் பித்தானைப் போடாமல் ஊக்கு குத்திச் சமாளிப்பார்கள்.

கத்தோலிக்க வீடுகளில் லேசுக்குச் சமமாகக் குடில் பொம்மைகளைச் சொல்வேன். அசிசி பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்ற இத்தாலியச் சிற்றூரில் தொழுவக் காட்சியை அமைத்ததிலிருந்து இந்த வழக்கம் தொடங்கியதாகச் சொல்வார்கள். 800 வருஷம் தாண்டிவிட்டது. நம் ஊரில் குடில் வைக்கும் வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே ஒரு தட்டில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்துவிடுவார்கள். பண்டிகைக்குள் பச்சைப்பசேல் என்று புல்வெளி தயார். முளைப்பாரி போடத் தெரிந்த ஊருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழந்தை இயேசுவின் சுரூபம் மட்டும் அலமாரியில் காத்திருக்கும். இருபத்து நான்காம் தேதி நடுநிசியில்தான் அது புல்லணைக்கு வரும். மூன்று ராஜாக்கள் குடிலின் கடைக்கோடியில் நின்று தினம் கொஞ்சம் நகர்ந்து ஜனவரி 6-ஆம் தேதி வந்து சேருவார்கள். யார் நகர்த்துவது என்பதில் பிள்ளைகளுக்குள் அடிதடி.

எந்த வீட்டிலும் குடில் செட் முழுசாக இருக்காது. முதலில் ஆடு தொலையும். பதிலுக்கு வாங்கிய பிளாஸ்டிக் ஆடு மாட்டைவிடப் பெரிதாக இருக்கும். ஒட்டகத்தின் கால் உடைந்து, தீக்குச்சி செருகிப் பெவிக்கால் ஒட்டியிருக்கும். ஒரு வீட்டில் சூசையப்பர் தலையை மூன்று தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். புது செட் வாங்க முடியாதவர்கள் இல்லை அவர்கள், வாங்கியும் வைத்திருக்கிறார்கள். அது கடைப்பெட்டியிலேயே இருக்கிறது.

இந்தப் பொம்மைகள் எங்கே பிறந்தன? மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி. நவராத்திரிக்குக் கொலு பொம்மை, சதுர்த்திக்குப் பிள்ளையார், டிசம்பருக்குக் குடில் செட் என்று வருஷம் முழுக்க அதே கைகள், அதே களிமண். அடுத்து, கிறிஸ்துமஸுக்கு வீடு நிறைந்துபோய்க் கட்டில் போதாதபோது விரிக்கிற பாயைப் பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய். மாப்பிள்ளை பெண் பெயரும் தேதியும் கோரையிலேயே நெய்யப்பட்டிருக்கும். நெய்தவர்கள் பத்தமடை முஸ்லிம்கள். அச்சை வார்த்துக் கொடுத்தவர் பித்தளைப் பட்டறைக்காரர். பலகாரம் போட்டுக்கொடுக்கிற பனையோலைப் பெட்டி தெருக்கோடி வீட்டில் முடைந்தது. கிறிஸ்தவ வீட்டின் குலச்சொத்து என்று நாம் எடுத்து அடுக்குகிறவற்றில் வேற்று மதத்தார் கைபடாத சாமான் ஏதாவது உண்டா என்று நானும் தேடிப் பார்க்கிறேன். தீபாவளிக்கு அதிரசம் வந்த தட்டு கிறிஸ்துமஸுக்கு முறுக்கோடு திரும்பிப் போகும். அந்தத் தட்டின் அடியில் பெயர் வெட்டியிருக்கிறார்களே, அது திரும்பி வரவேண்டும் என்பதற்காகத்தான். ஆனாலும் எங்கள் வீட்டு அலமாரியில் வேறு ஆள் பெயர் வெட்டிய கிண்ணங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும்.

இவ்வளவு நேரம் பெண்கள் கைப்பட்ட சாமான்களையே பேசினேன். ஆண்பிள்ளைகளுக்கு டிசம்பரில் வேலையே இல்லையா? இருந்தது. நட்சத்திரம். மூங்கிலைப் பிளந்து சிராய் இல்லாமல் சீவி, இரண்டு ஐந்துமுனைச் சட்டங்களைக் கட்டி, நடுவில் குச்சி கொடுத்து வயிறு புடைக்க நிறுத்தி, மைதாப் பசை காய்ச்சி வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே பல்பு தொங்கவிட்டு, ஊரிலேயே உயரமான கம்பில் ஏற்றுவது. ஜெர்மனியில் மொராவியச் சபைப் பள்ளிக்கூடங்களில் 1830-களில் கணக்குப் பாடத்துக்காகப் பல முனை நட்சத்திரம் செய்யத் தொடங்கினார்கள். இங்கே நம் பையன்கள் கணக்கில் தோற்றுக்கொண்டே கோணம் பிசகாமல் செய்தார்கள். பிறகு மடக்கி விரிக்கிற அட்டை நட்சத்திரம் கடைக்கு வந்தது, அப்புறம் எல்இடி. ஒரே தலைமுறையில் மூங்கில் நட்சத்திரம் போயிற்று. முறுக்கு மட்டும் ஏன் போகவில்லை? முறுக்குங்கூட இன்று பாக்கெட்டில் கிடைக்கிறதே. ஆண்களுக்கு ஒரு வேலை கஷ்டமாகத் தெரிந்தபோது அதை விட்டுவிட அனுமதி கிடைத்தது, பெண்களுக்குக் கிடைக்கவில்லை. நான் இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

ஏனென்றால் இதன் மறுபக்கத்தை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். நெல்லை எக்ஸ்பிரசில் இடம் பிடிக்க முடியாமல் பஸ்ஸில் இரவெல்லாம் உட்கார்ந்து சென்னையிலிருந்து வந்து சேர்ந்த மருமகள், குளித்ததும் குளிக்காததுமாக அடுப்படிக்குள் போகிறாள். அதிகாலை நான்கு மணி ஆராதனைக்கு எல்லாரையும் எழுப்பிவிடுகிறவளும் அவள்தான். ஆராதனை முடிந்து வந்தால் இட்லியும் கறியும் தயாராக இருக்க வேண்டும். மாமனார் வராந்தாவில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் "எங்க வீட்டு முறுக்கு எங்கம்மா காலத்துப் பக்குவம்" என்கிறார். அந்தப் பக்குவத்தைக் காலையில் தூக்கிச் சுமந்தவள் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மரபு, பாரம்பரியம் என்று நம்மைப்போல் மேடையில் பேசுகிறவர்கள் நெஞ்சை நிமிர்த்தும்போதெல்லாம் இந்தக் காட்சியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. வேலையைப் பங்குபோடாமல் பெருமையை மட்டும் பங்குபோட்டுக்கொண்டால், அடுத்த தலைமுறைப் பெண் அச்சைத் தூக்கிப் பழைய சாமான்காரனிடம் போடத்தான் செய்வாள், போடுவது நியாயமும்கூட.

மகன்களை அடுப்பருகே உட்காரவையுங்கள் என்று சொன்னால் சிரிக்கிறீர்கள். கல்யாண வீட்டில் அண்டா வைத்துக் கிண்டுகிற சமையல்காரர்கள் யார்? கூலி கிடைக்கிற இடத்தில் ஆணுக்குக் கரண்டி பிடிக்க வருகிறது. குமரி மாவட்டத்தில் சில வீடுகளில் ஆண்கள் முறுக்குச் சுடுவதை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் தனியாகச் சமைத்துப் பழகி வந்தவர்கள். அவர்களில் ஒருவர், அச்சு சூடாகும் சத்தத்தைக் கேட்டு, "இப்ப முக்கு" என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒரு பொருள் பாக்கி: குடும்ப வேதாகமம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஆனாலும் வீட்டுக்கு ஒரு வேதாகமம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதாகமச் சங்கங்கள் வந்து விலை இறங்கிய பிறகுதான் சாத்தியமாயிற்று. சென்னையில் அப்படி ஒரு சங்கம் 1820-இல் ஏற்பட்டது. அந்த வேதாகமத்தின் முன்பின் வெற்றுத் தாள்களில்தான் நம் குடும்ப வரலாறு கிடக்கிறது. இன்ன தேதி இன்ன கிழமை ஆண்குழந்தை பிறந்தது, இன்ன ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார், இன்னார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். குமரிப் பக்கத்து வேதாகமங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825-ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் கொல்லம் 1099 ஆடியில் வந்தது. ஆங்கிலக் கணக்கில் 1924.

அந்தப் பக்கங்களைக் கவனித்துப் பாருங்கள். எழுதிய கை ஆணுடையது. மகன்களின் வரி கல்யாணம், பேரப்பிள்ளைகள் என்று நீண்டுகொண்டே போகும். மகளின் வரி கல்யாணத்தோடு நின்றுவிடும். அதற்குமேல் அவள் வேறு வீட்டு வேதாகமத்தில் ஏறிவிட்டாள். பாகப்பத்திரம் எழுதியவர்கள்தான் இதையும் எழுதினார்கள் போலிருக்கிறது.

அதனால் இந்த வருஷம் லீவுக்கு எல்லாரும் வீட்டில் கூடும்போது ஒரு வேலை செய்யச் சொல்கிறேன். அந்த வெற்றுத் தாள்களில் இன்னும் இடம் இருக்கும். இருக்கிற அச்சு யாரிடமிருந்து யாருக்கு வந்தது, சட்டையில் லேஸ் பின்னியது யார், மாவு அளவு என்ன, பாகுக்கு எத்தனை கருப்பட்டி என்று பெண்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். அவர்களே எழுதினால் இன்னும் நல்லது. மகள்களின் வரிகளையும் தொடர்ந்து எழுதுங்கள். பென்சில் போதும், பென்சில் எழுத்து நீரில் கரையாது. பழைய கறுப்பு மைகளில் இரும்புச் சத்து உண்டு, அது காகிதத்தை அரித்துக்கொண்டே இருக்கும். ஆகையால் பழைய பக்கங்களை வெயிலிலோ ஈரச் சுவரோரமாகவோ வைக்காமல், முதலில் கைப்பேசியில் நன்றாகப் படமெடுத்து உறவினர் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். சில வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். லேசைப் பிளாஸ்டிக் பையில் போடாமல், கஞ்சி இல்லாமல் துவைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுருட்டி வையுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் மடிப்பிலேயே விண்டுபோகும். ஒட்டடை அடித்து முடிந்ததும் இதற்கு ஒரு மத்தியானம் ஒதுக்கினால் போதும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். தலைவர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்.